சில்லாணியின் புரி

மோட்டார் வண்டியின் சில்லு கழன்றோடாமற் காப்பன நாலைந்து ஆணிகளே. அவ்வாணிகளின் வலிமையோ அவற்றைச் சுற்றியோடும் மெல்லிய புரியில் அடங்கியது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

புரி கெடுவதன் முதற் காரணம் அவசரமே என்பேன். ஆணியை விரலால் ஏற்றாது, தொடக்கத்திலேயே ஸ்பானர் கொண்டு முடுக்கினால், அது சரிந்தேறிக் குடத்துப் புரியையும் அறுத்துவிடும். துருவும் அளவுமீறிய முறுக்கும் ஏனைய காரணங்கள்.

ஆணி மட்டும் பழுதாயின் எறிந்துவிட்டுப் புதியது இடுக. அரத்தால் திருத்துவது வீண் சிக்கனம். குடத்துப் புரி சற்றே நசுங்கியிருப்பின், அதே அளவான புரிவெட்டியை எண்ணெயிட்டுக் கையாற் செலுத்தலாம்: அரைச் சுற்று முன்னே, காற் சுற்றுப் பின்னே. விட்டம் 12 மில்லிமீற்றராயினும் புரியிடைவெளி 1.25 ஆகவோ 1.5 ஆகவோ இருக்கக்கூடும். கண் இங்கே ஏமாறும், அளந்தே அறிக. உலோகமே உதிர்ந்திருப்பின் துளையைப் பெருக்கி உருக்குப் புரிக்குழல் பொருத்தவேண்டும். அன்றேல் குடத்தையே மாற்றவேண்டும். அது தேர்ந்த கம்மியனின் வேலை.

முடிவில் எண்ணெயைத் துடைத்து, குறித்த முறுக்கில் இறுக்குக. ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சோதிக்குக. அச்சிறு பொழுதைச் செலவிடத் தயங்குபவன், தன்னுயிரை மட்டுமன்று, எதிரே வருபவன் உயிரையும் பணயம் வைக்கின்றான்.