பூட்டிக்கொண்ட மடிக்கணினி: மீட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடவுச்சொல் மறந்துவிடுகிறது. கைபேசி வழியாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் புதிய கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. ஆனால் மடிக்கணினி அதை ஏற்க மறுக்கிறது. இணையத்தோடு இணைந்தால்தான் மாற்றம் அதற்குத் தெரியும். வைஃபையோ செத்துக் கிடக்கிறது. அதன் டிரைவரை மறுபடி நிறுவலாம் என்றால் நிர்வாகி அனுமதி வேண்டும். அந்த நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்தான் மறந்துபோனது!

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். ஏர்பிளேன் மோடு தவறுதலாக இயங்குகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கினால், கைபேசியின் டேட்டா மடிக்கணினிக்குக் கிடைக்கும். புதிய கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்தபின், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டர் மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக்கொள்வது பாதுகாப்பு. இலவச 'டிரைவர் அப்டேட்டர்' விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். நெட்வொர்க் ரீசெட் கடைசி முயற்சி. அது சேமித்துவைத்த வைஃபை கடவுச்சொற்களையும் அழித்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்காத உள்ளகக் கணக்கு என்றால் வழி வேறு. அதற்குப் பாதுகாப்புக் கேள்விகள் அமைக்கும் வசதி 2018 முதல் விண்டோஸ் 10-இல் இருக்கிறது. முன்பே அமைத்திருந்தால் அவற்றுக்குப் பதில் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றலாம். அதே கணினியில் வேறொரு நிர்வாகிக் கணக்கு இருந்தால் அதன் வழியாகவும் மாற்றலாம். இரண்டும் இல்லையென்றால் கணினியை ரீசெட் செய்யச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். அப்போது கோப்புகள் போய்விடும்.

கோப்புகளை முன்பே நகலெடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கே விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் குறுக்கே நிற்கலாம். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் தரவை எடுக்க முடியாது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பல அலுவலகங்களில் சீரமைப்பு இந்தச் சாவிக்காகவே தாமதமானது. பல வீட்டுக் கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதிவைப்பது நல்லது.

பதற்றத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண் தேடுகிறவர்களுக்காகவே காத்திருக்கும் கும்பல்கள் உண்டு. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அதற்குக் காரணம்: தொழில்நுட்ப உதவி என்ற போர்வையில் கால் சென்டர்கள் வெளிநாட்டவரை ஏமாற்றிப் பணம் பறித்திருந்தன. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. திரையில் எண் தெரிந்தால் அது மோசடி. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அதே சட்டம் மறுபக்கமும் பாயும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த மடிக்கணினியில் நிர்வாகி அனுமதியைக் குறுக்கு வழியில் பெற முயன்றால், 43-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கொடுக்க நேரலாம். அங்கே சிஸ்டம் நிர்வாகியிடம் கேட்பதே முறை. பழைய மடிக்கணினி வாங்குகிறவர்களும், அது ஏதாவது நிறுவனத்தின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, செய்யப்போகும் வேலை, கட்டணம், ஃபார்மேட் செய்யலாமா கூடாதா ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குவது அவசியம். கேட்காமலே கோப்புகளை அழித்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.