மாளிகாவத்தையின் வெற்றுநிலம்: காசு நம்முடையது, காவலும் நம்முடையதாகட்டும்

கொழும்பு 10, மாளிகாவத்தை. தொடர்மாடிகளும் தோட்டக் குடியிருப்புகளும் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் இந்தப் பகுதியில், பிள்ளைகள் பந்தடிக்கவும் பெரியவர்கள் மாலையில் காலாற நடக்கவும் இடம் மிகக் குறைவு. பி.டி. சிறிசேன மைதானத்தை விட்டால் சொல்லிக்கொள்ளும்படியான வெளி அதிகம் இல்லை. இங்கேயே 1986 பெப்ரவரியில் திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு நிற்கும் நிலம் முன்பு சதுப்பாக இருந்தது. கெத்தாராமை விகாரைக்குப் பிக்குகள் அந்தச் சதுப்பைக் கடந்து தோணியில் போய்வந்ததாகச் சொல்வார்கள்.

நிரப்பிய நிலங்களுக்கு நடுவே வாழும் நமக்கு மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் வெற்றுநிலம் யாருடையது? அதைக் காக்கும் காசு எங்கிருந்து வருகிறது? அது பறிபோகும்போது எங்கே முறையிடுவது?

சதுப்பு ஏன் நமக்கு வேண்டும்

மாளிகாவத்தையைச் சுற்றிப் பெய்யும் மழைநீர் சென் செபஸ்தியன் கால்வாய், தெமட்டகொட கால்வாய் ஆகியவற்றில் சேர்கிறது. இந்தக் கால்வாய்த் தொகுதிக்கு முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கங்களில் கடலுக்கு வழி உண்டு. ஆனால் அடைமழை நாளில் அத்தனை நீரையும் கால்வாய்கள் ஒரேயடியாகக் கடத்திவிட முடியாது. அந்த நேரத்தில் கொலன்னாவை, கோட்டே பக்கத்துச் சதுப்புகள்தாம் நீரைத் தாங்கி வைத்து, மெல்ல மெல்ல விடுகின்றன.

2016இல் கொழும்புக்கென ஓர் ஈரநில முகாமைத்துவத் திட்டம் தயாரிக்கப்பட்டது. பெருநகரப் பகுதியில் சுமார் 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது என்றும், வெள்ளநீரில் 39 சதவீதத்தை அது தாங்கி நிறுத்தக்கூடியது என்றும் அப்போது கணக்கிட்டார்கள். இந்த ஈரநிலம் முற்றாக அழிந்தால், பெருநகரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதம் ஆண்டுதோறும் வெள்ளச் சேதத்திலேயே போய்விடும் என்பது மதிப்பீடு. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. வெள்ளம் முதலில் ஏறுவது எப்போதும் தாழ்ந்த நிலத்து ஏழையின் வீட்டில்தான்.

சதுப்பு மனிதருக்கு மட்டும் உரியதல்ல. நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் நீர்ப்பறவைகளும் தலைநகரின் ஓரத்திலேயே இன்றும் வாழ்கின்றன. 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய ஈரநிலம் வெள்ளவத்தையிலிருந்து அதிக தூரமில்லை. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலங்களுக்கான ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு ஏற்கப்பட்டது. இத்தகைய அங்கீகாரம் ஆறு ஆண்டுக்கே செல்லும். அதைத் தொடர்ந்து தக்கவைக்க நிலமும் தொடர்ந்து காக்கப்பட வேண்டும்.

காசு எங்கிருந்து வருகிறது

திறந்தவெளி அரசாங்கம் இனாமாகத் தருவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது தவறு. நாமே அதற்குக் காசு கொடுக்கிறோம்.

முதலாவது, மாநகர சபைக்கு நாம் கட்டும் சோலைவரி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகையின் ஊடாக இதைக் கட்டுகிறார்கள். பூங்கா, மைதானம், வடிகான் ஆகியவற்றின் பராமரிப்புக்கு இந்த வருமானமும் பயன்படுகிறது. இரண்டாவது, பாராளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபை, இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் போன்றவை அரச நிறுவனங்கள். அவற்றின் பணம் பொதுப்பணம். மூன்றாவது, வெளிநாட்டுக் கடன். பெருநகரக் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்துக்காக 2012இல் உலக வங்கி 213 மில்லியன் அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. கால்வாய்க் கரைகளும் முகத்துவாரச் சுரங்க வடிகானும் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் அந்தத் திட்டத்தின் கீழ் வேலை கண்டவை. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவது பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் மக்கள்தான்.

வேறு நாடுகளில் மக்களே முன்வந்து இதற்கென வரி போட்டுக்கொண்டதும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகர வாக்காளர்கள், திறந்தவெளி வாங்கிக் காப்பதற்கென்று 1967இல் தங்கள்மீது விற்பனை வரியொன்றை விதிக்க வாக்களித்தார்கள். அந்த நாட்டின் காணி மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதியத்துக்கு ஆண்டுதோறும் 900 மில்லியன் டொலர் நிரந்தரமாகக் கிடைக்க 2020இல் சட்டம் வந்தது. தனி நிதியம், தனிக் கணக்கு, ஆண்டுதோறும் உறுதியான தொகை. நம்மிடம் குறைவது இதுதான். பூங்கா திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கிறது. ஐந்தாவது ஆண்டில் ஆகாயத்தாமரை அள்ளவும் வேலி திருத்தவும் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கவும் கிடைப்பதில்லை. பராமரிப்பு இல்லாத நிலம் முதலில் குப்பைமேடாகிறது. பிறகு, "சும்மா கிடக்கும் காணிதானே" என்று யாரோ ஒருவர் கையில் போகிறது.

ஆபத்து வரும் வழிகள்

சதுப்பு ஒரே நாளில் அழிவதில்லை. இரவில் ஒரு லொறி கட்டட இடிபாடு, அடுத்த கிழமை இரண்டு லொறி மண், பிறகு ஒரு தகர வேலி, கடைசியில் காணித் துண்டு விற்பனை விளம்பரம். மலிவு என்று நம்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் சிறுகச் சிறுகச் சேமித்த குடும்பங்கள். மழை வந்ததும் நீர் தன் இடத்தைத் தேடி அவர்கள் வீட்டுக்குள் வருகிறது. அனுமதி இல்லாத கட்டடம் என்று சபையின் கடிதமும் வருகிறது.

குப்பையின் கதை இன்னும் கொடியது. புளுமெண்டல் குப்பைமேடு 2009இல் நீதிமன்றத் தலையீட்டால் மூடப்பட்ட பின், கொழும்பின் குப்பை கொலன்னாவைச் சதுப்போரத்து மீதொட்டமுல்லவில் குவிந்தது. அங்கிருந்த மக்கள் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அந்தக் குப்பைமலை சரிந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

சதுப்பு, தாழ்நிலம்: காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனச் சட்டத்துக்கு 2006இல் வந்த திருத்தத்தின்படி, கூட்டுத்தாபனத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இவற்றை நிரப்பக் கூடாது.

வயல்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ அதிலிருந்து மண் அகழவோ கூடாது. காணி சொந்தமானது என்பது மட்டும் இதற்குப் போதாது.

பெரிய திட்டங்கள்: 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முன் அங்கீகாரம் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வர வேண்டும். பொதுமக்கள் எவரும் 30 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம். தமிழ்ப் பத்திரிகையின் அந்தச் சிறு எழுத்து அறிவித்தலை நாம் புரட்டிவிட்டுப் போவதால் இழப்பது இந்த உரிமையைத்தான்.

காணித் துண்டாடல்: ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது, வீதிகள் நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாத நிலத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்பட்ட அந்தத் துண்டு இன்று என்னவாக இருக்கிறது என்று கேட்க அயலவருக்கு முழு நியாயம் உண்டு.

அரசியலமைப்பு: சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் பொறுப்பு என்கிறது உறுப்புரை 27(14). இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது உறுப்புரை 28.

நீதிமன்றம் சொன்னவை

காலிமுகத்திடல் 1859இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் கொழும்பு மக்களுக்காக அமைக்கப்பட்ட வெளி. அதைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்க நகர அபிவிருத்தி அதிகார சபை முயன்றபோது, ஒரு சுற்றாடல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. தகவலை மறைத்ததும் மக்களின் உரிமையை மீறிய செயல் என்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்குப் பத்தாண்டுக்கு முந்திய தீர்ப்பு இது.

பத்தரமுல்லை 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கு இன்னும் அழுத்தமானது. பொதுத் தேவைக்கென்று அரசு சுவீகரித்த தாழ்நிலம் தனியார் கொல்ஃப் மைதானமாக மாறியிருந்தது. 2008 ஒக்டோபர் 8 அன்று உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தை இரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பொதுநிலம் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாகவே ஆட்சியாளர் கையில் இருக்கிறது, அவர்கள் அதற்கு உரிமையாளர் அல்லர் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நீங்கள் செய்யக்கூடியவை

தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: இந்த மைதானத்தின் நில அளவைப் படம் எது? கடந்த மூன்று ஆண்டுகளில் இதற்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? யாருக்காவது குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

வரவு செலவைக் கவனியுங்கள். மாநகர சபையின் வரைவு வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் போய்ப் பாருங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் மைதானப் பராமரிப்புக்கு ஒரு தொகையை எழுத்தில் கேளுங்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் பகிரங்கமானவை. பாடசாலை ஆசிரியர்களும் இளைஞர் கழகங்களும் அவற்றை எடுத்து வாசிக்கலாம்.

நிரப்புவதைக் கண்டால் பதிவு செய்யுங்கள். திகதி, நேரம், வாகன இலக்கம், புகைப்படம். பொலிஸில் முறைப்பாடு செய்து இலக்கத்தை வாங்குங்கள். பிரதேச செயலகம், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை மூன்றுக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குப்பை, அடைபட்ட வடிகான் போன்ற பொதுத் தொல்லைக்கு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

காணி வாங்குமுன் விசாரியுங்கள். தாழ்நிலத்தில் துண்டு வாங்குபவர் உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. நிரப்புவதற்குப் பெற்ற அனுமதிக் கடிதம், நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலய வரைபடம், உள்ளூராட்சி சபையின் கட்டட எல்லைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்தக் காணி வேண்டாம்.

குடியிருப்போரின் உரிமையும் உரிமையே

கால்வாயைக் காக்கிறோம் என்ற பெயரில், கரையோரத்து ஏழைக் குடும்பங்களை ஒரே இரவில் தூக்கியெறிவதை ஏற்க முடியாது. அரச காணியிலிருந்து வெளியேற்ற, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி 30 நாட்களுக்குக் குறையாத அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும். போகாவிட்டால் நீதவானிடம் செல்ல வேண்டும். அபிவிருத்தித் திட்டங்களுக்காக இடம்பெயர்க்கப்படுவோருக்கு மாற்று இருப்பிடமும் நட்டஈடும் உறுதிசெய்யும் தேசியக் கொள்கை 2001 முதல் இருக்கிறது. அறிவித்தல் கையில் கிடைத்த அன்றே பிரதி எடுத்துச் சட்ட உதவி பெறுங்கள். சதுப்பையும் மனிதரையும் ஒருசேரக் காக்க முடியும். அதற்கும் பொதுப்பணம்தான் வேண்டும். அதை ஒதுக்குமாறு கேட்பது நம் உரிமை.

மாளிகாவத்தை மக்களுக்கு ஒரு வேண்டுகோள். மைதானக் குழுவாகட்டும், பள்ளிவாசல் நிர்வாகமாகட்டும், விகாரை, கோவில், தேவாலயச் சபைகளாகட்டும், மாதர் சங்கமாகட்டும், இந்த மாதமே ஒன்றுகூடி உங்கள் பகுதியில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு வெற்றுநிலத்தையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகவல் விண்ணப்பம் போடுங்கள். பதில் வந்ததும் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். நாம் கட்டும் வரியில் காக்கப்படும் நிலத்துக்கு நாமே கணக்குக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் மழைநீருக்கு ஒரு வழியும் மிஞ்ச வேறு வழியில்லை.