காலிஃப்ளவர் பீட்சாவும் ஒரு சிட்டிகை பெருங்காயமும்

என் ரூம்மேட்டுக்கு சீலியாக் வியாதி. கோதுமை, பார்லி, ரை இதுல இருக்கற க்ளூட்டன் கொஞ்சூண்டு உள்ள போனாலும் அவன் உடம்பே அவன் சிறுகுடலைத் தாக்கும். ஃபேஷன் டயட் இல்லீங்க, ஆயுசு பூரா விலக்கறது ஒண்ணுதான் வைத்தியம்.

ஆனா பயலுக்கு பீட்சான்னா உசுரு. கேல் பெக்கர்னு ஒரு அம்மா, தன் ரெண்டு பசங்களுக்கும் இதே வியாதின்னு ஆரம்பிச்ச காலிபவர் பீட்சா 2017-ல கடைக்கு வந்துச்சு. ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு வீட்டுல செய்யறதுதான் கட்டும்.

காலிஃப்ளவரைத் துருவி மைக்ரோவேவ்ல அஞ்சு நிமிஷம். ஆறினதும் துணியில கட்டிப் பிழியணும், கை வலிக்கற வரைக்கும். நூத்துக்கு 92 பங்கு தண்ணியாச்சே! இங்க சோம்பல்பட்டா பீட்சா கிடையாது, கூட்டுதான் :-) அப்புறம் ஒரு முட்டை, அரை கப் மொசரெல்லா, ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு, உப்பு. இழுத்துப் பிடிக்க க்ளூட்டன் இல்லாததால முட்டையும் சீஸும்தான் பிடிமானம். பார்ச்மென்ட் பேப்பர்ல அடை மாதிரி தட்டி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்ல 20-25 நிமிஷம். சாஸ், சீஸ் போட்டு இன்னும் அஞ்சு நிமிஷம்.

நம்மாளுங்க கை சும்மா இருக்காதே, தக்காளி சாஸ்ல பெருங்காயம் போடுவோம். ஜாக்கிரதை! எடிசன் ஓக் ட்ரீ ரோடு கடைகள்ல கிடைக்கற கூட்டுப் பெருங்காயம் பலதுலயும் கோதுமை மாவு கலந்திருக்கும். 'க்ளூட்டன் ஃப்ரீ'ன்னு போட 2013-ல எஃப்.டி.ஏ. வச்ச வரம்பு, பத்து லட்சத்துல 20 பங்குக்குக் கீழ. டப்பா பின்னாடி படிச்சு, அரிசி மாவு கலந்ததா பாத்து வாங்குங்க. சப்பாத்திப் பலகையையும் கிட்ட கொண்டுவராதீங்க.