அடுத்த எபிசோடு தானா வருது... தூக்கம்?

"டாக்டர், கண்ணு ரெண்டும் எரியுது. மலச்சிக்கல் வேற. ஏதாவது நல்ல சூரணமா கொடுங்களேன்!"

வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 46. நாடி பார்த்தேன். வாதமும் பித்தமும் சேர்ந்தே ஏறியிருந்தன.

"ராத்திரி எத்தனை மணிக்கும்மா படுப்பீங்க?"

"பத்து மணிக்கே படுத்துடுவேன்."

"தூங்கறது?"

லேசாகச் சிரித்தார். "பையன் செல்லுல இந்த இன்டர்நெட் டி.வி.யைப் போட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு எபிசோடுன்னுதான் ஆரம்பிக்கிறேன்... மணி ரெண்டாயிடுது!"

இவர் மட்டுமல்ல, இன்று என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வது இதைத்தான். யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் நாம் ஆரம்பத்திலேயே ஒன்றைக் கோட்டை விட்டுவிட்டோம்.

அன்று என்ன சொன்னோம்?

2016 ஜனவரி 6-ம் தேதி 'நெட்ஃப்ளிக்ஸ்' இந்தியாவுக்கு வந்தது. ஒரே நாளில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதைத் திறந்துவிட்டார்கள். முதல் மாதம் இலவசம். பிறகு மாதம் 500, 650, 800 ரூபாய் என்று மூன்று கட்டணங்கள்.

உடனே என்னென்ன பேச்சு கிளம்பியது தெரியுமா? "கேபிளுக்கே இவ்வளவு கொடுக்கறதில்லையே!" என்றார்கள் சிலர். உயர்தரப் படத்துக்கு மணிக்கு 3 ஜி.பி. வரை டேட்டா செலவாகும் என்றதும், இன்டர்நெட் பில்லை நினைத்துப் பயந்தார்கள் பலர். அமெரிக்காவில் கிடைப்பதில் பாதி கூட இங்கே இல்லை என்று ஒரு குறை. அந்த நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரே ஆரம்பத்தில் இங்கே கிடைக்கவில்லை! தணிக்கை இல்லாத படங்களைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்பது பெற்றோரின் கவலை.

எல்லாம் நியாயமான குறைகள்தான். ஒவ்வொன்றாகத் தீர்ந்தும் வந்தன. அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020-ல் 'பாவக் கதைகள்' என்று தமிழிலேயே எடுத்தார்கள். 2021 டிசம்பரில் 499 ரூபாய் கட்டணம் 199 ஆக இறங்கியது.

ஆனால், "ராத்திரி எப்போ தூங்கறது?" என்று அன்று எத்தனை பேர் கேட்டோம்? 2017-ல் அந்த நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸே, தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்ற பொருள்படப் பேசினார். நாம் கேட்க மறந்ததை அவரே சொல்லிவிட்டார்!

இடைவேளை இல்லாத டி.வி.

1987-ல் தூர்தர்ஷனில் 'ராமாயணம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஞாயிறு காலை ஒரு பகுதி. அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பின்னால் வந்த சீரியல்களிலும் விளம்பர நேரத்தில் எழுந்து தண்ணீர் குடித்தோம், பாத்ரூம் போனோம். இப்போதோ தொடர் முழுவதையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டாமா?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று, அடக்கக் கூடாத 14 வேகங்கள். தூக்கம், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம் எல்லாம் அதில் உண்டு. கதை விறுவிறுப்பில் இந்த ஆறையும் ஒரே ராத்திரியில் அடக்கிவிடுகிறோம்! தூக்கத்தை அடக்கினால் தலைபாரமும் கண் சிவப்பும் வரும் என்கின்றன நம் நூல்கள். இரவில் கண்ணில் படும் வெளிச்சம், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்கிறது இன்றைய விஞ்ஞானம். தொடர்ந்து தூக்கம் குறைந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை மூன்றுக்கும் கேடு.

என்ன செய்யலாம்?

* அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை செட்டிங்ஸில் போய் நிறுத்தி வையுங்கள். முதல் மருந்து இதுதான்.

* எபிசோடின் முடிவில் நிறுத்த நினைக்காதீர்கள். முடிச்சுப் போடுவதே அங்கேதான்! பாதியில் நிறுத்துங்கள், சுலபமாக இருக்கும்.

* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்லை ஹாலில் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

* பார்க்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள்.

* வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய்க் குளியல். ஆனால், அன்று பகலில் தூங்கக் கூடாது.

* பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

இவ்வளவும் செய்து, ஒரு மாதமாகியும் தூக்கம் வரவில்லை என்றாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

அந்த ஆசிரியைக்குத் திரிபலா சூரணம் கொடுத்தேன். கூடவே, "பத்தரைக்கு மேல செல்லைத் தொடக் கூடாது" என்று பத்தியமும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார். கண்ணில் சிவப்பு இல்லை.

"கதை என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"அது எங்கே ஓடிப்போகுது டாக்டர்? அங்கேயேதான் இருக்கு!" என்று சிரித்தார்.