தும்மலுக்குப் பயந்த உம்மும்மா

அக்குறணையில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பாதையிலிருந்து நாற்பத்திரண்டு படிகள் ஏற வேண்டும். உம்மும்மா அந்தப் படிகளில் இறங்கி இரண்டு வருடமாகியிருந்தது. கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. முழங்கால் வலி என்றே எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அஸர் தொழுகைக்காக மூன்றாவது தடவை வுழூ செய்துகொண்டிருந்தவரிடம் காரணம் கேட்டேன். "தும்மினா, இருமினா சலம் சிந்துது மகள். வயசு போனா இப்பிடித்தான். ஆருக்கிட்டயும் சொல்லாத" என்றார். இதை எழுத இப்போது அவரே அனுமதி தந்திருக்கிறார், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். தசை எப்படிச் சுருங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் உம்மும்மாவை வீட்டுக்குள் அடைத்து வைத்த தசையின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பெயர் இடுப்புத்தளத் தசை. இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை, குழந்தையைப் போடும் ஏணைச் சீலை போல விரிந்திருக்கிறது. சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். கர்ப்பமும் பிரசவமும் அந்தச் சீலையை இழுத்துத் தளர்த்துகின்றன. மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் குறைவதும், நாட்பட்ட இருமலும், மலச்சிக்கலும், பாரம் தூக்குவதும் மேலும் தளர்த்துகின்றன. சீலை தளர்ந்தால் தும்மும்போது சலம் கசியும். சிலருக்குக் கருப்பையே கீழிறங்கும்.

அடுத்ததை எழுதலாமா என்று யோசித்தேன். வாசிக்கும் தாய்மாரில் சிலருக்கு இதுவே பெரிய துயரமாக இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இதே தசைகள்தாம் யோனியையும் சூழ்ந்திருக்கின்றன. ஆகவே அவை தளர்ந்தால் தாம்பத்திய உறவில் உணர்வு குறையலாம். கசிந்துவிடுமோ என்ற வெட்கத்தில் மனைவி விலகிப் போகலாம். தசை தளராமல் அளவுக்கு மீறி இறுகுவதும் உண்டு. அப்போது உறவு கடும் வேதனையாகும், சிலருக்கு முடியாமலே போகும். அதை விருப்பமின்மை என்றும் பிடிவாதம் என்றும் வீட்டார் பேசுகிறார்கள். அவள் தன் விருப்பப்படி அந்தத் தசையைத் தளர்த்த முடியாமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

தளர்ந்த தசைக்குப் பயிற்சி உண்டு. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கெகல் 1948 இல் அதை எழுதி வெளியிட்டார். காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்ளே இறுக்கி, ஐந்து செக்கன் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்கக் கூடாது. சலம் கழிக்கும்போது செய்து பழகவும் கூடாது. இறுகிய தசை உள்ளவர்களுக்கு இது வேதனையைக் கூட்டும். அவர்கள் தளர்த்தத்தான் பழக வேண்டும். எது என்று அறியாமல் தொடங்குவதைவிட வைத்தியரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ காட்டுவது நல்லது. கருப்பை இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையமும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையும் உண்டு.

காட்டுவதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுவநாரி கிளினிக் 1996 முதல் நடக்கிறது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னாலே வழி காட்டுவார். அங்கிருந்து பேராதனை, கண்டி வைத்தியசாலைகளின் பெண்நோயியல் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

உம்மும்மாவை அதிகம் வருத்தியது தொழுகைதான். மார்க்கக் கல்வி வகுப்பில் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில், அடக்க முடியாமல் தொடர்ந்து கசிபவர் வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, வுழூ எடுத்து, தாமதிக்காமல் ஃபர்ளைத் தொழலாம்; இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். இருமும்போது மட்டும் கசிபவருக்குச் சட்டம் வேறு, அதனால் தன் நிலையைச் சொல்லியே கேட்க வேண்டும் என்றார் ஆலிமா. இத்தனை வருடம் உம்மும்மா யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அவருக்கு இப்போது வளையம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் படியிறங்கிப் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்தார். அன்றிரவு கோப்பை கழுவிக்கொண்டிருந்த உம்மா, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "எத்தின செக்கன் பிடிக்கணும் எண்டு சொன்னாய்?"