காளானைக் கழுவி வைக்காதீர்கள்

கடையில் வாங்கிய மொட்டுக் காளானை உடனே கழுவி ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்களா? வேண்டாம். காளானில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான். மேலும் ஈரம் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். பாக்கெட்டைப் பிரித்த பிறகு மீதியைக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சமைக்கும்போது குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும். ஃப்ரிட்ஜில் பச்சை மீனும் இறைச்சியும் மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில் இருக்கட்டும்; அவற்றிலிருந்து வடியும் நீர் காளான்மேல் சொட்டக் கூடாது. தொட்டால் காளான் பிசுபிசுக்கிறதா, வாடை அடிக்கிறதா? தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மழைக்கு வேலியோரம் முளைக்கும் காளான் வேறு விஷயம். சில நச்சுக் காளான்களின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. வெள்ளிக் காசு, பூண்டு போட்டுப் பார்க்கும் சோதனைகளை நம்பாதீர்கள். உறுதியாகத் தெரியாத காளானைச் சமைக்கவே வேண்டாம்.