கணிப்பொறியைக் கேள்வி கேட்கும் நிரல்

கோவளத்தைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நோக்கிச் செல்கிறீர்கள். வழியில் நெம்மேலி என்னும் ஊர் வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு அங்கு உள்ளன. முதலாவது 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டது. இரண்டாவது 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் திறன் 15 கோடி லிட்டர். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுகின்ற மெல்லிய சவ்வின் வழியே கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவதே இங்குக் கையாளப்படும் முறை. இதற்கு எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெயர்.

இம்முறை உலகெங்கும் ஒன்றே. ஆயினும், வேறொரு நாட்டு ஆலையின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து நெம்மேலியில் நிறுவிவிட முடியுமா? முடியாது. நீரின் உவர்ப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, மழைக்காலத்தில் சேறும் மணலும் எவ்வளவு கலக்கும் என்பனவற்றை அந்த இடத்திலேயே அளந்தாக வேண்டும். ‘வங்காள விரிகுடா’ என்று கடலின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு எவரும் ஆலை கட்டத் தொடங்குவதில்லை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அவர்களோ நெடுங்காலம் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்! அதனால் விளைந்த தொல்லையையும், அதிலிருந்து அவர்கள் மீண்ட வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

சி என்னும் மொழியில் ஒருவர் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியது மூலநிரல். அதனைக் கணிப்பொறிக்குப் புரியும் வடிவத்திற்கு மாற்றித் தருவது கம்பைலர். எல்லாக் கணிப்பொறிகளிலும் சி மொழிக் கம்பைலர் இருந்தால், ஒரே மூலநிரல் எங்கும் ஓட வேண்டும் அன்றோ? நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை.

1980களில் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒரு சொல்லுக்குள் குறிப்பிட்ட எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் துணைநிரலுக்குப் பெர்க்லி கிளையில் ‘இண்டெக்ஸ்’ என்று பெயர். ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் கிளையில் அதே வேலையைச் செய்வது ‘ஸ்டர்சார்’. ஓரிடத்தில் எழுதிய நிரலை மற்றோரிடத்தில் கம்பைல் செய்தால், அப்படியொரு துணைநிரல் இல்லை என்று கணிப்பொறி கைவிரித்துவிடும்.

இது பெயரளவிலான வேறுபாடு. எண்களைச் சேமிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. 258 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 256ஐ ஒரு முறையும் 1ஐ இரண்டு முறையும் கொண்டது. ஆகவே இரண்டு பைட்டுகளில் 1, 2 என்று அதனை எழுதி வைக்கலாம். சில கணிப்பொறிகள் அவ்வாறே எழுதுகின்றன. வேறு சிலவோ சிறிய பகுதியை முதலில் வைத்து 2, 1 என்று எழுதுகின்றன. முன்னது எழுதிய கோப்பைப் பின்னது படித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். நிரல் நின்றுபோனால்கூடத் தாழ்வில்லை; பிழையான விடையைத் தந்துகொண்டு தொடர்ந்து ஓடுமே, அதுதான் ஆபத்து.

இதற்கு அந்நாளைய நிரலாளர்கள் கண்ட மருந்து என்ன? ‘இது வாக்ஸ் கணிப்பொறியானால் இப்படிச் செய், சன் கணிப்பொறியானால் அப்படிச் செய்’ என்று மூலநிரலெங்கும் நிபந்தனைகளைத் தூவி வைத்தார்கள். புதிய கணிப்பொறி ஒன்று சந்தைக்கு வந்தால் எல்லா நிரல்களையும் திறந்து, அதன் பெயரைச் சேர்த்தாக வேண்டும். பழைய கணிப்பொறியே தன் இயக்க முறைமையைப் புதுப்பித்துக்கொண்டால், பெயர் அதேதான், குணம் மாறிவிடும். அப்போது அந்த நிபந்தனை பொய்யாகிவிடும்.

பெயரை விட்டுவிட்டுக் கணிப்பொறியையே சோதித்துப் பார்த்தால் என்ன என்று எண்ணியவர்களில் முன்னோடி லாரி வால். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர் இவரே. 1984இல் இவர் வெளியிட்ட ‘ஆர்என்’ என்னும் செய்தி வாசிப்பு நிரலுடன் ‘கான்ஃபிகர்’ என்றொரு கட்டளைத் தொடரும் வந்தது. அது கணிப்பொறிக்குள் நுழைந்து, என்னென்ன உள்ளன, என்னென்ன இல்லை என்று மோப்பம் பிடித்துவிட்டு, ஐயமுள்ளவற்றை மட்டும் பயனரிடம் கேட்கும். வால் நகைச்சுவை மிக்கவர். யூனிக்ஸைப் போல நடித்துக் காட்டும் ‘யூனிஸ்’ என்னும் ஏற்பாட்டில் நீங்கள் இல்லை என்று தெரிந்தால், அவருடைய கட்டளைத் தொடர் உங்களுக்கு வாழ்த்துக் கூறும்!

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் டேவிட் மெக்கென்சி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகக் குனூ நிரல்கள் பலவற்றை 1991இல் அவர் பராமரித்து வந்தார். ஒவ்வொரு நிரலையும் கம்பைல் செய்யும்முன் பயனர் ஏறத்தாழ 20 விருப்பங்களைத் தம் கையால் நிரப்ப வேண்டியிருந்தது. அவற்றுள் சிலவற்றைத் தானே ஊகித்துக்கொள்ளும் சிறிய கட்டளைத் தொடரை மெக்கென்சி எழுதினார். பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் அதைப் போலவே ஒன்று தேவைப்பட்டது. எல்லாவற்றையும் கையால் எழுதிச் சலித்தவர், அத்தகைய கட்டளைத் தொடர்களை எழுதித் தரும் நிரல் ஒன்றையே எழுதிவிட்டார். அதுதான் ஆட்டோகான்ஃப். அதன் முதல் பதிப்பு 1992 ஜூலையில் வெளிவந்தது.

ஆட்டோகான்ஃப் எவ்வாறு வேலை செய்கிறது? நிரலாளர் ஒரு சிறு பட்டியலை மட்டும் எழுதுகிறார்: ‘ஸ்டர்சார் இருக்கிறதா பார், நெடிய முழு எண்ணின் அளவைக் கண்டுபிடி, எண்ணை எந்த வரிசையில் எழுதுகிறது என்று பார்’. எம்4 என்னும் மேக்ரோ மொழியின் துணையுடன் இந்தப் பட்டியலை ஆட்டோகான்ஃப் பல்லாயிரம் வரிகள் கொண்ட ‘கான்ஃபிகர்’ கட்டளைத் தொடராக விரிக்கிறது. ஆட்டோஹெடர் என்னும் துணைக் கருவியோ அதே பட்டியலைப் படித்து, வெற்றிடங்கள் கொண்ட தலைப்புக் கோப்பு ஒன்றை ஆக்கித் தருகிறது. இதனை ரேஷன் அட்டைக்கான விண்ணப்பப் படிவத்திற்கு ஒப்பிடலாம். படிவத்தை அச்சிடுவது ஆட்டோஹெடர். உங்கள் வீட்டுக்கு வந்து, விசாரித்து, அதனை நிரப்புவது கான்ஃபிகர். நிரப்பிய படிவத்திற்குக் ‘கான்ஃபிக்.ஹெச்’ என்று பெயர். மூலநிரல் அதன்பின் கணிப்பொறியின் பெயரைக் கேட்பதில்லை. ‘ஸ்டர்சார் உள்ளது: 1’ என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறது.

ஏன் இந்தச் சுற்று வழி? ஆட்டோகான்ஃபையே பயனருக்குக் கொடுத்துவிடலாகாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அப்படிச் செய்தால் அவர் முதலில் ஆட்டோகான்ஃபை நிறுவ வேண்டும், அதற்கு எம்4 வேண்டும், இப்படியே நீளும். விரிக்கும் வேலையை நிரலாளரே தம் வீட்டில் முடித்துவிட்டால், பயனரிடம் கட்டளைகளைப் படிக்கும் ‘ஷெல்’, சில அடிப்படைக் கருவிகள், ஒரு கம்பைலர் ஆகியவை இருந்தாலே போதும். எவ்வளவு ஏழ்மையான கணிப்பொறியிலும் இவை இருக்கும். இக்கருவியின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

இனிச் சோதனையைப் பார்ப்போம். ‘ஸ்டர்சார்’ இருக்கிறதா என்று அறிய, அதனை அழைக்கும் நாலைந்து வரி நிரல் ஒன்றைக் கான்ஃபிகர் எழுதுகிறது. அதனைக் கம்பைலரிடம் கொடுக்கிறது. ஓடக்கூடிய நிரல் கிடைத்தால் ‘உள்ளது’. பிழை வந்தால் ‘இல்லை’. அந்தச் சிறு நிரலை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குச் செல்கிறது. திரையில் ‘செக்கிங்’ என்று தொடங்கும் வரிகள் விரைந்தோடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் இவ்வாறு ஒரு கேள்விதான்.

சோதிக்க வேண்டிய கணிப்பொறியே கையில் இல்லையென்றால்? இது கற்பனைக் கேள்வி அன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் ‘சக்தி’ நுண்செயலித் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்த ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதியே அதன் அடிப்படை. பேராசிரியர் வி. காமகோடியின் குழுவினர் வடிவமைத்த சில்லுகள் 2018இல் கைக்கு வந்தன. ஒன்று, இன்டெல் நிறுவனத்தின் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்ட ‘ரைஸ்கிரீக்’. மற்றொன்று, சண்டிகரை அடுத்த மொஹாலியிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்ட ‘ரிமோ’. புதிதாகப் பிறந்த இத்தகைய நுண்செயலிக்கு வேண்டிய மென்பொருளை, வேறுவகை நுண்செயலி கொண்ட சாதாரணக் கணிப்பொறியில்தான் முதலில் கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் செய்யலாம், ஆனால் விளைந்த நிரலை அங்கே ஓட்டிப் பார்க்க முடியாது.

ஓட்டிப் பார்க்காமலே எண்ணின் அளவை அறிவது எப்படி? இங்குதான் ஓர் அழகிய தந்திரம் வருகிறது. சி மொழியில் ஓர் அணிக்கு எத்தனை இடங்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கை குறை எண்ணாக இருக்கலாகாது. ஆகவே கான்ஃபிகர் இவ்வாறு ஓர் அணியை எழுதுகிறது: ‘நெடிய முழு எண் 4 பைட்டுக்கு மேற்படாது என்பது மெய்யானால் இடங்கள் 1, பொய்யானால் இடங்கள் குறை 1’. பொய்யானால் கம்பைலர் சினந்து பிழை காட்டும். அந்தச் சினமே விடை! இவ்வாறு எல்லையை விரித்தும் சுருக்கியும், எந்த நிரலையும் ஓட்டாமல், சரியான அளவைப் பிடித்துவிடுகிறது.

பைட்டுகளின் வரிசையை அறியும் வழி இன்னும் சுவையானது. ஒரு வரிசையில் எழுதினால் ஓர் ஆங்கிலச் சொல்லாகவும், மறு வரிசையில் எழுதினால் வேறோர் ஆங்கிலச் சொல்லாகவும் படிக்கக்கூடிய எண்களைச் சிறு நிரலில் வைத்துக் கம்பைல் செய்வார்கள். விளைந்த கோப்பில் எந்தச் சொல் தென்படுகிறது என்று தேடினால் போதும்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டிலும் பழைய நோய் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பல மென்பொருள் தொகுப்புகளுடன் ‘கான்ஃபிக்.கெஸ்’, ‘கான்ஃபிக்.சப்’ என்ற இரு கட்டளைத் தொடர்கள் வருகின்றன. இவை இன்றும் கணிப்பொறியின் பெயரைத்தான் கேட்கின்றன. தம் பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால், ‘இக்கணிப்பொறியை நான் அறியேன்’ என்று நின்றுவிடும். ரிஸ்க்-ஃபைவ் பிறக்கும்முன் வெளியான தொகுப்புகளில் அதன் பெயர் எப்படி இருக்கும்? லினக்ஸின் கருவகமே அதனை ஏற்றது 2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பில்தான். மூலநிரல் புதிய நுண்செயலியில் நன்றாக ஓடக்கூடியதே. ஆனால் வாயிற்காவலன் விடுவதில்லை! டெபியன் லினக்ஸ் தொகுப்பாளர்கள் இதற்கு ஒரு வழி செய்தனர். ஒவ்வொரு தொகுப்பையும் கம்பைல் செய்யும்முன் அந்த இரு கோப்புகளையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைத் தாமாகவே வைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஆம் பதிப்பு ரிஸ்க்-ஃபைவை முறையாக ஏற்றுக்கொண்டது.

சோதனை தவறினால் நிரல் கட்டுவது நின்றுபோகும் என்றால் கவலையில்லை, யாராவது கவனிப்பார்கள். ‘இல்லை’ என்ற விடையை மூலநிரல் அமைதியாக ஏற்றுக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. துணைநிரலை அறிவிக்காமலே அழைக்கும் பழைய வழக்கத்தை ஜி.சி.சி. கம்பைலர் நெடுநாள் பொறுத்து வந்தது. 2024 மே மாதம் வெளியான அதன் 14ஆம் பதிப்பு அதனைப் பிழையென்று தள்ளியது. பழைய சோதனை நிரல்கள் பல அந்த வழக்கப்படி எழுதப்பட்டவை. கணிப்பொறியில் வசதி இருக்கிறது. கேட்ட கேள்வியில்தான் பிழை. ஆயினும் படிவத்தில் விழுவதோ ‘இல்லை’ என்னும் விடை.

இதனையே ஒருவர் வஞ்சகமாகப் பயன்படுத்தினால்? 2024இல் அதுவும் நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்’ மென்பொருளின் பராமரிப்பில் நம்பிக்கை பெற்று நுழைந்த ஒருவர், அதன் சோதனை வரிகளுக்குள் ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டார். சி-மேக் என்னும் மற்றொரு கருவிக்கான கோப்பு அது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணிப்பொறியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே ‘லாண்ட்லாக்’ என்னும் பாதுகாப்பு வசதி எங்கும் ‘இல்லை’ என்றே பதிவாகும். இதனினும் பெரிய சதி ஆட்டோகான்ஃப் வழியே நடந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் தொகுப்பில் எம்4 கோப்பு ஒன்று மாற்றப்பட்டிருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது, சோதனைக்கென்று வைத்திருந்த கோப்புகளுக்குள் ஒளித்த நச்சு நிரலை அது வெளியே எடுத்துச் சேர்த்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். சேவையைத் திருட்டுத்தனமாகத் திறப்பதே அதன் நோக்கம்.

அதனைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். தம் கணிப்பொறியில் எஸ்.எஸ்.ஹெச். நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, காரணத்தைத் துருவிச் சென்றார். 2024 மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். பல்லாயிரம் வரிகளைக் கருவியே எழுதித் தருவதால் எவரும் அவற்றைப் படிப்பதில்லை. சதிகாரர் நம்பியது அதைத்தான்.

நீங்கள் படித்துப் பார்க்கலாமே! தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் இருந்தது. அக்காளோ அண்ணனோ வாங்கிய அத்தகைய கணினி வீட்டில் கிடந்தால், அல்லது வேறெந்த லினக்ஸ் கணினி கிடைத்தாலும், குனூவின் ‘ஹலோ’ என்னும் சிறு நிரலின் மூலத் தொகுப்பை இறக்கிக்கொண்டு கான்ஃபிகரை ஓட்டுங்கள். முடிந்ததும் ‘கான்ஃபிக்.லாக்’ என்று ஒரு கோப்பு கிடைக்கும். கான்ஃபிகர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் கம்பைலர் தந்த மறுமொழியும் அதில் பதிவாகியிருக்கும். ‘நோ’ என்று முடியும் சோதனைகளை மட்டும் தேடி எடுங்கள். அவற்றில் கம்பைலர் பிழை கூறியிருந்தால் அதனைப் படியுங்கள். அந்த வசதி உங்கள் கணினியில் உண்மையிலேயே இல்லையா, அல்லது கேள்வியில்தான் பிழையா என்று அதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.